டாட்சன் 240இசட்டில் எல்எஸ் எஞ்சின்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

அமெரிக்காவில் 1970 முதல் 1973 வரை விற்ற டாட்சன் 240இசட்டில் இருந்தது எல்24 எஞ்சின். 2393 சிசி, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், இரட்டைக் கார்புரேட்டர், சுமார் 150 குதிரைத்திறன். அதை இறக்கிவிட்டு 1998–2002 செவ்ரோலே கமேரோ காரின் 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 எஞ்சினையும் (ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வரிசை, எட்டு சிலிண்டர்) அதோடு வந்த டி56 ஆறு கியர் பாக்ஸையும் ஏற்றுவது அங்கே நன்றாகப் பழகிப்போன வேலை. எல்எஸ்1-க்கு அலுமினிய பிளாக் என்பதால் எடை பெரிதாக ஏறுவதில்லை, திறன் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. மவுண்டிங் செட்டும் தயாராகவே கிடைக்கிறது. ஆக, எஞ்சினை உள்ளே உட்கார வைப்பது சுலபமான பாதி. உட்கார்ந்த பிறகு அதை ஒழுங்காக ஓட வைப்பதில்தான் வாரக்கணக்கில் நேரம் போகிறது.

கோளாறு தேடும்போது நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. அந்த எஞ்சின் கமேரோவில் நன்றாகத்தான் ஓடியது, இந்தக் காரும் தன் பழைய எஞ்சினோடு நன்றாகத்தான் ஓடியது. புதிதாக வந்தவை இரண்டும் சந்திக்கும் இடங்கள் மட்டுமே: சாவியிலிருந்து ஈசியுவுக்கு (எஞ்சினை இயக்கும் கணினி) போகும் வயர், டேங்கிலிருந்து வரும் லைன், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரப் பக்கம் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், மீட்டர்கள். அதனால் சந்தேகம் முதலில் அங்கே போக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே எஞ்சினின் தலையைக் கழற்ற ஆரம்பித்தால் நாளும் காசும்தான் வீண்.

கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், ஓடும்போதே எண்களைக் காட்டும் ஸ்கேனர், பெட்ரோல் பிரஷர் கேஜ், கோணம் அளக்கும் கருவி. இந்த நான்கும் இல்லாமல் யூகத்தில் பாகம் மாற்ற வேண்டாம்.

செல்ஃப் ‘டிக்’ என்று மட்டும் சொல்கிறது, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது

முதலில் எர்த் பாருங்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கின்றன, ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. முன்பு இருந்த எர்த் பட்டை பழைய எஞ்சினோடேயே வெளியே போயிருக்கும். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும், சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை. பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு ஒரு கனமான கேபிள், பிளாக்கிலிருந்து பாடிக்கு இன்னொன்று, இரண்டும் கட்டாயம். இதே எர்த் குறையால்தான் சென்சார்கள் தாறுமாறாக எண் காட்டுவதும், ஹெட்லைட் போட்டால் ஐடில் (ஆக்சிலரேட்டர் தொடாமல் எஞ்சின் ஓடும் வேகம்) மாறுவதும் நடக்கின்றன. பல பேர் அதைத் தனி நோய் என்று நினைத்து சென்சார் வாங்குகிறார்கள்.

பிளஸ் பக்கத்தையும் இதே மாதிரி அளக்கலாம். இடம் போதாமல் பேட்டரியைப் பின்பக்கம் மாற்றியிருந்தால், அவ்வளவு நீளத்துக்கு மெல்லிய கேபிள் தாங்காது.

குளிர்ந்திருக்கும்போது சுற்றுகிறது, சூடானதும் மறுக்கிறது என்றால் கதை வேறு. எல்எஸ் எஞ்சினில் செல்ஃப் மோட்டார் வலது பக்கம் கீழே இருக்கிறது. புதிதாகப் போட்ட எக்ஸாஸ்ட் ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை எடுக்கும் குழாய்கள்) அதை உரசுகிற மாதிரி போகும். அந்தச் சூட்டில் சாலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாரை இயக்கும் மின்காந்த ஸ்விட்ச்) கூடுதல் கரண்ட் தேவைப்படும், ஐம்பது வயது சாவி ஸ்விட்ச் அதைத் தராது. ஸ்விட்ச் ஒரு ரிலேயை மட்டும் இயக்கட்டும், ரிலே பேட்டரியிலிருந்து நேராக சாலினாய்டுக்குக் கொடுக்கட்டும். அதோடு மோட்டாருக்கு ஒரு வெப்பத் தடுப்பும் போட்டுவிடுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். வழி இங்கே மூன்றாகப் பிரிகிறது.

ஸ்கேனர் தொடர்பே அறுந்து போகிறது என்றால், செல்ஃப் அடிக்கும் நேரத்தில் ஈசியுவுக்குக் கரண்ட் வரவில்லை. பழைய சாவி ஸ்விட்சில் சில முனைகள் ‘ஆன்’ நிலையில் மட்டும் உயிரோடு இருக்கும், ‘ஸ்டார்ட்’ நிலையில் செத்துவிடும். இரண்டு நிலையிலும் 12 வோல்ட் நிற்கும் வயரைத் தேடி எடுக்க வேண்டும். இதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. பழைய இக்னிஷன் காயிலுக்குப் போன வயரைச் சிலர் ஈசியுவுக்கு எடுக்கிறார்கள். அது பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்கு வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் மின்தடை) வழியாக வருவது, லோடு ஏறினால் வோல்ட்டேஜ் கீழே விழும். ரெசிஸ்டருக்கு முன்னாலிருந்து எடுங்கள், அதையும் ரிலேக்கு மட்டும் கொடுங்கள்.

தொடர்பு இருக்கிறது, ஆனால் ஆர்பிஎம் பூஜ்யம் என்றால், எஞ்சின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். எல்எஸ்1-ன் கிராங்க் சக்கரத்தில் 24 பல் கணக்கு, பிற்கால எல்எஸ்3 போன்றவற்றில் 58. எல்எஸ்3 எஞ்சினை வாங்கிவிட்டு எல்எஸ்1-ன் ஈசியுவை மாட்டினால் ஈசியுவுக்கு ஒன்றும் புரியாது. ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. சென்சாரின் நிறத்திலேயே இதைக் கண்டுபிடிக்கலாம்: 24 பல்லுக்குக் கறுப்பு, 58-க்குச் சாம்பல். பழைய உரிமையாளர் எதையோ மாற்றியிருக்கலாம் என்பதால் எஞ்சின் எண்ணை மட்டும் நம்பாமல் இதையும் பாருங்கள். பொருந்தாவிட்டால் அந்த எஞ்சினுக்கு உரிய ஈசியுவையும் வயரிங்கையும் போடுவதுதான் சுத்தமான வழி. இடையில் மொழிபெயர்க்கும் பெட்டிகள் விற்கிறார்கள், வேலையும் செய்கின்றன, ஆனால் நாளை பழுதாவதற்கு இன்னொரு பாகம் அது.

ஆர்பிஎம் 150, 200 என்று ஒழுங்காக வருகிறது என்றால் பெட்ரோல் பக்கம் போங்கள். சாவியை ஆன் செய்ததும் பம்ப் இரண்டு நொடி ஓடி நிற்க வேண்டும். ஓடவில்லையா? இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். எல்எஸ்1 ஈசியு பெட்ரோல் பம்ப் ரிலேக்கு பிளஸ் கொடுக்கிறது, ரேடியேட்டர் ஃபேன் ரிலேக்கோ எர்த் கொடுக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரி வயர் செய்தால் ஒன்று கட்டாயம் ஓடாது. பம்ப் ரிலேயின் இன்னொரு முனை எர்த்துக்குப் போக வேண்டும், ஃபேன் ரிலேயின் இன்னொரு முனை சாவி வழி பிளஸுக்குப் போக வேண்டும்.

பம்ப் ஓடுகிறது என்றால் கேஜை மாட்டுங்கள். எல்எஸ்1-க்கு 58 பிஎஸ்ஐ வேண்டும், அதாவது சுமார் 4 பார். 240இசட்டின் பழைய மெக்கானிக்கல் பம்ப் கார்புரேட்டருக்குக் கொடுத்தது நாலு பிஎஸ்ஐ அளவுதான். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸில் ஒரு துண்டுகூட இந்த பிரஷரில் விட்டுவைக்கக் கூடாது. இன்ஜெக்ஷனுக்கு என்று அச்சிட்ட ஹோஸ், அதற்குரிய கிளாம்ப், இரண்டிலும் சிக்கனம் வேண்டாம். பெட்ரோல் ஒழுகினால் கார் மட்டுமில்லை, கொட்டகையும் போய்விடும்.

ஸ்டார்ட் ஆகி இரண்டே நொடியில் அணைந்துவிடுகிறது

மறுபடி ஸ்டார்ட் ஆகும், மறுபடி அணையும். ஒவ்வொரு முறையும் அதே இடைவெளி என்றால் பெரும்பாலும் அது கமேரோவின் திருட்டுத் தடுப்பு. அந்தக் காரில் சாவியைச் சரிபார்த்து ஈசியுவுக்கு ‘சரி’ என்று சிக்னல் அனுப்ப ஒரு பெட்டி இருந்தது. அது இப்போது இல்லை. சிக்னல் வராததால் ஈசியு இன்ஜெக்டர்களை மூடுகிறது. ஈசியுவின் நிரலில் அந்தத் தடுப்பை அணைப்பது ஒரு டியூனருக்குச் சின்ன வேலை. பம்ப், ரெகுலேட்டர், காயில் என்று எதையும் அதற்கு முன் தொடாதீர்கள்.

இடைவெளி ஒரே மாதிரி இல்லை, அணையும்போது கேஜில் பிரஷரும் சரிகிறது என்றால் திருட்டுத் தடுப்பு இல்லை. பம்ப்புக்கு வரும் வோல்ட்டேஜை அது ஓடும்போது அளந்து பாருங்கள்.

சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடுகிறது

இது முதல் முறை நடக்கும்போது பயமாகத்தான் இருக்கும், காரணம் எளிது. ஆல்டர்னேட்டரின் சிறிய சாக்கெட்டில் ‘எல்’ என்ற முனை இருக்கிறது. அதற்குச் சாவி வழி வயர் கொடுத்திருந்தால், சாவியை அணைத்த பிறகு ஆல்டர்னேட்டரே அந்த வயர் வழியாக ஈசியு ரிலேக்குத் திரும்பக் கரண்ட் ஊட்டுகிறது. வயரில் ஒரு டயோடு போட்டால் தீர்ந்தது. டாஷ்போர்டில் ஒரு சார்ஜ் விளக்கு வைத்து அதன் வழியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது, சார்ஜ் ஆகாதபோது எச்சரிக்கையும் கிடைக்கும். எப்படி இருந்தாலும் ‘எல்’ முனைக்கு நேராக 12 வோல்ட் கொடுக்காதீர்கள். நடுவில் விளக்கோ ரெசிஸ்டரோ இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் போய்விடும். அணைத்ததும் எஞ்சின் ஓரிரு நொடி மட்டும் இழுத்து நிற்கிறது என்றால், சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் மோட்டார் அதே வேலையைச் செய்யலாம். ஃபேனின் ரிலேக்குத் தனி ஊட்டு கொடுங்கள்.

டாஷ்போர்டுக்குள் கருகல் வாசம்

காரை நிறுத்துங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. 240இசட்டில் வோல்ட் மீட்டர் கிடையாது, ஆம்ப் மீட்டர். காரின் சார்ஜ் கரண்ட் முழுவதும் அந்த மீட்டர் வழியாகவே டாஷ்போர்டுக்குள் போய்த் திரும்புகிறது. பழைய ஆல்டர்னேட்டருக்கு அது போதும். கமேரோவின் ஆல்டர்னேட்டர் 100 ஆம்பியருக்கு மேல் தரக்கூடியது, அதோடு இரண்டு மின்விசிறியும் ஒரு பெட்ரோல் பம்ப்பும் சேர்ந்தால் அந்த ஐம்பது வருட வயரும் முனையும் உருகும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராகக் கனமான கேபிளும் அதற்கேற்ற ஃபியூஸும் போடுங்கள். ஆம்ப் மீட்டரின் இரண்டு வயரையும் ஒன்றாக இணைத்து மீட்டரை விலக்குங்கள். பழைய வெளி ரெகுலேட்டரையும் சர்க்கியூட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வாசம் வருவதற்கு முன்பே, எஞ்சின் ஏற்றும்போதே இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐடில் ஏறி இறங்குகிறது, ‘கலவை மெலிவு’ கோடு வருகிறது

ஸ்கேனரில் பி0171, பி0174 என்ற பழுதுக் கோடுகள் இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டு பக்க சிலிண்டர்களும் காற்று அதிகம் என்கின்றன. இதில் பெரும்பாலும் காற்று அளக்கும் சென்சார்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது, தப்பு அதன் இடத்தில் இருக்கிறது. 240இசட்டின் பேனட்டுக்குள் இடம் குறைவு. குழாயை வளைத்து, வளைவை ஒட்டியே சென்சாரை மாட்டுகிறார்கள். சுழன்று வரும் காற்றை அது தப்பாக அளக்கும். சென்சாருக்கு முன்னும் பின்னும் கொஞ்சமாவது நேர் குழாய் வேண்டும்.

அதற்கு அடுத்து, சென்சாரைத் தாண்டிய பிறகு உள்ளே நுழையும் திருட்டுக் காற்று. பிரேக் பூஸ்டர் ஹோஸ், கிராங்க்கேஸ் காற்றுக் குழாய், கமேரோவில் பயன்பட்டு இப்போது மூடாமல் விட்ட வேக்குவம் முனைகள் எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு பக்கக் கோடு மட்டும் வந்தால் அந்தப் பக்க எக்ஸாஸ்டைத் தடவிப் பாருங்கள். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சின்ன லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, கலவை மெலிந்த மாதிரிப் பொய் காட்டும்.

வளைவில் திரும்பினால் எஞ்சின் மூச்சு முட்டுகிறது

நேர் ரோட்டில் ஒன்றுமில்லை, டேங்க் நிறைந்திருந்தாலும் ஒன்றுமில்லை. அரை டேங்குக்குக் கீழே போய், வேகமாக ஒரு வளைவு எடுத்தால் விழுந்து எழுகிறது. பழைய டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாயாமல் தடுக்கப் போதுமான தட்டுகள் இல்லை. கார்புரேட்டரில் இருக்கும் சின்னக் கிண்ணம் அந்த ஓரிரு நொடியைச் சமாளித்துவிடும். இன்ஜெக்ஷனில் அந்தக் கையிருப்பு கிடையாது, பம்ப் ஒரு வாய் காற்றை இழுத்தாலே போச்சு. ஒரு சர்ஜ் டேங்க் (எப்போதும் நிறைந்திருக்கும் சின்ன இடைத் தொட்டி) வைத்து, குறைந்த பிரஷர் பம்ப் அதை நிரப்ப, அதிலிருந்து பெரிய பம்ப் எஞ்சினுக்குக் கொடுக்கும்படி செய்யலாம். அல்லது டேங்கைத் திறந்து தட்டு வைத்த கிண்ணமும் உள்ளேயே பம்ப்பும் பொருத்தலாம். இரண்டாவதில் செலவு அதிகம், ஆனால் சத்தமும் சூடும் குறைவு.

அரை மணி ஓடிய பிறகு பம்ப் கீச்சிட ஆரம்பித்து எஞ்சின் சோர்ந்தால் அதுவும் இதே குடும்பம்தான். பம்ப்புக்கு முன்னால் மிக நெருக்கமான ஃபில்டர் இருக்கிறதா பாருங்கள். இழுக்கும் பக்கம் 100 மைக்ரான் போதும், 10 மைக்ரான் ஃபில்டர் பம்ப்புக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

எஞ்சின் சூடேறுகிறது

இது எப்போது என்று சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும். டாஷ் மீட்டரை விட்டுவிட்டு ஸ்கேனரில் எண்ணைப் பாருங்கள், ஈசியு அதைத்தான் நம்புகிறது. எல்எஸ்1-ன் தெர்மோஸ்டாட் 86 டிகிரியில் திறக்கும், 90-லிருந்து 100 வரை போய் வருவது இயல்பு. 240இசட் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது அதிகமாகத் தெரியும், பதற வேண்டாம். தொழிற்சாலை நிரலில் ஃபேன் 100 டிகிரி தாண்டித்தான் ஓடத் தொடங்கும். நிரலில் அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேன். ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காமல் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று பாருங்கள். வயர் தலைகீழாக இருந்தால் அது எதிர்ப்பக்கம் ஊதும், ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தால் தெரிந்துவிடும். ஃபேனுக்கு ஷ்ரவுட் (ரேடியேட்டர் முழுக்கக் காற்றை இழுக்க வைக்கும் கூடு) இல்லையென்றால் ரேடியேட்டரில் ஃபேன் மூடிய வட்டம் மட்டும்தான் வேலை செய்யும்.

ஓடும்போது ஏறுகிறது, நின்றால் சரியாகிறது என்றால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறது. புதிய அலுமினிய ரேடியேட்டர் பழைய சட்டத்தில் சரியாகப் பொருந்தாமல் இரண்டு பக்கமும் மேலும் இடைவெளி விட்டிருக்கும். தகடு வைத்து அடையுங்கள், பல கார்களில் வேறெதுவும் தேவைப்படுவதில்லை. அது சரியாக இருந்தும் ஏறினால், ஆர்பிஎம் ஏற்றிப் பிடித்துக்கொண்டு கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்ப் இழுக்கும் வேகத்தில் ஹோஸ் அமுங்கி ஒட்டிக்கொள்கிறதா? உள்ளே கம்பிச்சுருள் உள்ள ஹோஸ் போடுங்கள்.

முதல் சில ஓட்டங்களில் மட்டும் திடீர் திடீரென்று எண் தாவுகிறது, ஹீட்டரில் சூடு வருவதும் போவதுமாக இருக்கிறது என்றால் ஏர் லாக். எல்எஸ்1-ல் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினின் ஹெட்களில் மேல் மூலைகளில் நீராவி வெளியேறச் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். அவற்றை இணைக்கும் மெல்லிய குழாய் கமேரோவில் ஓரிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இங்கே அதற்கு இடமில்லை என்று பலர் அதைத் திருகாணி போட்டு அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் ஹெட்டின் மேல்பகுதியில் ஆவி தேங்கும், அந்த இடத்தில் உலோகம் தனியாகச் சூடாகும், சென்சார் சில நேரம் அதைக் காட்டவே காட்டாது. அந்தக் குழாயை ரேடியேட்டரின் மேல்தொட்டிக்கோ விரிவுத் தொட்டிக்கோ கொண்டுபோய், அது எஞ்சினை விட உயரமாக இருக்கும்படி இணையுங்கள். 240இசட்டின் மூக்கு தாழ்வானது. ரேடியேட்டர் மூடி எஞ்சினை விடக் கீழே வந்துவிடும், அதில் ஊற்றினால் காற்று மேலேயே தங்கும். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, அல்லது ஃபயர்வால் (எஞ்சின் அறைக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) அருகே உயரமாக ஒரு தொட்டி வைத்து அதன் வழியாக நிரப்புங்கள்.

கியர் விழவில்லை, ரிவர்ஸில் கரகரக்கிறது

முதல் கேள்வி: எஞ்சின் அணைந்திருக்கும்போது கியர் சுலபமாக விழுகிறதா? அப்போதும் கடினம் என்றால் கிளட்ச்சை மறந்துவிடுங்கள். டி56 பழைய கியர் பாக்ஸை விடப் பெரியது, கியர் லீவர் டனலின் (கியர் பாக்ஸை மூடும் தரை மேடு) விளிம்பில் இடிக்கும். பின்னோக்கி இழுக்கும் இரண்டு, நாலு, ஆறு கியர்களில் இது அதிகம். கீழே படுத்துக்கொண்டு ஒருவரைக் கியர் மாற்றச் சொல்லிப் பார்த்தால் தெரியும். எண்ணெயையும் பாருங்கள். டி56-க்கு டெக்ஸ்ரான் வகை ஆட்டோமேட்டிக் ஆயில்தான், கெட்டியான கியர் ஆயில் ஊற்றியிருந்தால் குளிரில் மல்லுக்கட்டும்.

அணைந்திருக்கும்போது சுலபம், ஓடும்போது மட்டும் கடினம் என்றால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, கிளட்ச்சை அழுத்தி முதல் கியர் போட்டுப் பாருங்கள். சக்கரம் வலுவாக இழுத்துச் சுற்றினால் உறுதி. காரணம் பெரும்பாலும், பெடலை அழுத்தும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். 240இசட்டின் மாஸ்டர் 5/8 அங்குலம். கமேரோவின் கிளட்ச் இயக்கி பெல் ஹவுசிங்குக்குள் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் வகை, அதற்கு 3/4 அங்குல மாஸ்டரின் அளவு எண்ணெய் வேண்டும். விட்டத்தில் சின்ன வித்தியாசம்தான், பரப்பில் கணக்குப் போட்டால் 5/8 தள்ளுவது 3/4 தள்ளுவதில் 70 சதவீதத்துக்கும் குறைவு. மீதி முப்பது சதவீதம்தான் ரிவர்ஸில் கரகரவென்று கேட்கிறது. 3/4 மாஸ்டர் போட்டால் பெடல் கொஞ்சம் கனமாகும், தாங்கக்கூடியதே.

மாஸ்டரை மாற்றியும் போதவில்லை என்றால் காற்று. காற்றெடுக்கும் திருகு டனலுக்குள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. கியர் பாக்ஸ் வெளியே இருக்கும்போதே அதிலிருந்து ஒரு நீட்டுக் குழாயை எஞ்சின் அறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பிற்காலத்தில் மிகவும் உதவும். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: மாஸ்டர் பெரிதாகிப் பெடல் தூரமும் அதிகமாக இருந்தால் இயக்கி அளவுக்கு மீறி நீண்டு சீல் பிய்ந்துவிடும். பெடலுக்குக் கீழே ஒரு தடுப்பு வையுங்கள்.

ரிவர்ஸ் கியர் மட்டும் இரும்புச் சுவரைத் தள்ளுவது போல இருந்தால் அது பழுது இல்லை. ஓடும்போது தவறி ரிவர்ஸ் விழாமல் டி56-ல் ஒரு மின் தடுப்பு இருக்கிறது. நின்றிருக்கும்போது ஈசியு அதை விடுவிக்க வேண்டும், வயர் இல்லாவிட்டால் விடாது. பிரேக் விளக்கு ஸ்விட்ச்சிலிருந்து அதற்குக் கரண்ட் எடுப்பது பரவலான வழக்கம். சாவி ஆன் செய்தாலே எப்போதும் திறந்திருக்கும்படி செய்யாதீர்கள், ஐந்தாம் கியருக்குப் பக்கத்தில்தான் ரிவர்ஸ் இருக்கிறது.

முதல் கியரிலிருந்து மெதுவாக இழுத்தால் இரண்டுக்குப் போகாமல் நாலுக்குப் போகிறதா? அதுவும் தொழிற்சாலை ஏற்பாடுதான், எரிபொருள் சிக்கனத்துக்காக வைத்தது. நிரலில் அணைத்துவிடலாம்.

ஒரு வேகத்தில் கார் முழுக்க அதிர்கிறது

இதற்குப் பொறுமை வேண்டும். முதலில் அதிர்வு எதோடு சேர்ந்து வருகிறது என்று பிரிக்க வேண்டும். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் ஆர்பிஎம் ஏற்றினாலும் வருகிறது என்றால் எஞ்சின், கிளட்ச், மவுண்டிங். ஓடும்போது மட்டும் வருகிறது என்றால், அதே வேகத்தில் நாலு, ஐந்து, ஆறு என்று கியர் மாற்றிப் பாருங்கள். எந்தக் கியரிலும் அதே வேகத்தில் வந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் அல்லது சக்கரம்.

ஷாஃப்ட் என்றால் பேலன்ஸா, கோணமா? சமநிலைக் குறை ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை உதறும், கோணக் கோளாறு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை. அதனால் கோணத்தால் வரும் அதிர்வு பொடிப்பொடியாக, ரீங்காரமாக இருக்கும். நாலாவது கியர் ஒன்றுக்கு ஒன்று என்பதால் டாக்கோமீட்டரே (ஆர்பிஎம் காட்டும் மீட்டர்) ஷாஃப்டின் வேகத்தைச் சொல்லிவிடும்: 3000-த்தில் பேலன்ஸ் கோளாறு நொடிக்கு 50 முறை, கோணக் கோளாறு 100 முறை.

240இசட்டில் டிஃபரென்ஷியல் பாடியோடு நிலையாக நிற்கிறது, அது பழைய எஞ்சினின் சாய்வுக்கேற்ப வைக்கப்பட்டது. புதிய எஞ்சினை பேனட் இடிக்காமல், கீழே ஆயில் பேன் தொங்காமல் எங்கே உட்காருமோ அங்கே வைக்கிறோம். இரண்டின் சாய்வும் பொருந்த வேண்டிய அவசியம் இல்லையே. கியர் பாக்ஸின் வெளிவரும் ஷாஃப்டும் டிஃபரென்ஷியலின் உள்ளே போகும் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், ஒரு டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் போதாது, மேலிருந்து பார்க்கும்போதும் அப்படியே. எஞ்சினை ஸ்டியரிங் ராடு தடுக்கிறதென்று சிலர் ஒரு பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துவிடுகிறார்கள், அது பக்கவாட்டு அளவில் தெரியவே தெரியாது. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் வேலை செய்யும் கோணம் மூன்று டிகிரிக்குள் இருக்கட்டும், ஆனால் சுத்தமாகப் பூஜ்யமும் வேண்டாம். யூ ஜாயின்ட்டின் ஊசி பேரிங்குகள் கொஞ்சமாவது உருள வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் குழி விழும். கியர் பாக்ஸ் மவுண்டிங்கில் மெல்லிய தகடு வைத்து ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். அளப்பது காரின் எடை சக்கரங்கள் மேல் இருக்கும்போது.

கிளட்ச்சை விட்டதும் பின்னால் ‘டொம்’ என்று இடிக்கிறது

டிஃபரென்ஷியலின் மூக்கு மேலே எகிறுகிறது. அதைத் தாங்கும் முன் ரப்பர் எல்24-க்கு அளந்தது. எல்எஸ் இழுவையில் ரப்பர் கிழிந்து மூக்கு எழும்பும், அப்போது மேலே நாம் உழைத்துச் சரிசெய்த கோணமும் கெடும். மூக்கைக் கீழே பிடிக்கும் உறுதியான தாங்கி போடுங்கள். 240இசட்டின் ஆர்180 டிஃபரென்ஷியலையும் அப்படியே விடாதீர்கள், பிற்கால 280இசட்டில் வந்த ஆர்200 பல்சக்கரம் 20 மில்லிமீட்டர் பெரிது. பின்சக்கர ஸ்டப் ஆக்ஸிலும் 240-ல் 25 பல், 280-ல் 27 பல். நல்ல டயர் போட்டு வேகமாகக் கிளப்பினால் முதலில் உடைவது இந்த 25 பல் ஆக்ஸில்.

ஆறாம் கியரில் எஞ்சின் முக்குகிறது

கணக்குப் போட்டுப் பாருங்கள், கோளாறு எதுவும் இருக்காது. டி56-ன் ஆறாவது 0.50. பின்னால் 3.36 டிஃபரென்ஷியல், 63 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் என்றால் 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுற்றுவது சுமார் 1400 ஆர்பிஎம் மட்டும். 3.90 போட்டால் 1650 அளவுக்கு வரும். வி8-க்கு அது வசதியான இடம்.

மீட்டர்கள் பொய் சொல்கின்றன

240இசட்டின் டாக்கோமீட்டர் இக்னிஷன் காயில் வழி ஓடும் மின்னோட்டத்தை உணர்ந்து வேலை செய்வது. எல்எஸ்ஸில் சிலிண்டருக்கு ஒரு காயில், அந்த ஒற்றை வயர் கிடையாது, அதனால் முள் அசையாது. உள்ளே சர்க்கியூட்டை மாற்றி ஈசியுவின் சிக்னலை எடுக்க வேண்டும். எல்எஸ்1 ஈசியு ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும், ஆறு சிலிண்டர் மீட்டர் எதிர்பார்ப்பது மூன்று. அளவைத் திருத்தாமல் விட்டால் 3000-த்துக்கு 2000 காட்டும், நீங்களும் தெரியாமல் எஞ்சினைக் கொன்றுவிடுவீர்கள். சிக்னல் வலுவில்லாமல் முள் துள்ளினால் அந்த வயருக்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் வையுங்கள்.

ஸ்பீடோமீட்டருக்கு வந்த பழைய கேபிளுக்கு இந்த டி56-ல் இடமில்லை, மின் சிக்னல் மட்டும்தான். சிக்னலை வாங்கிக் கேபிளைச் சுற்றும் சின்ன மோட்டார் பெட்டி கிடைக்கிறது, பழைய மீட்டரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வெப்பநிலைக்குப் பழைய சென்டரையே வலது ஹெட்டின் பின்பக்கத் துளையில் பொருத்துங்கள். ஈசியுவின் சென்சாரைப் பகிர முயன்றால் இரண்டுமே தப்பாகக் காட்டும்.

கதவு இடைவெளி மாறுகிறது

சில மாதம் ஓடிய பிறகு கதவு முன்பு போலச் சாத்தவில்லை, கூரைத் தூணுக்கு அருகே பெயின்ட்டில் மயிர்க்கோடு தெரிகிறது என்றால் ஓட்டுவதை அன்றோடு நிறுத்துங்கள். 240இசட்டுக்குத் தனி சேஸிஸ் இல்லை, பாடியே சேஸிஸ். தரைக்கடியில் ஓடும் நீளச் சட்டங்கள் மெல்லிய தகடு, பேட்டரித் தட்டுக்குக் கீழே துரு பிடிப்பது இந்தக் காரில் வழக்கம். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு பொடியாகியிருக்கும். சுத்தியால் தட்டி, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அழுகிய பகுதியை வெட்டி எடுத்து, சட்டத்தின் மேல் கனமான புதுச் சட்டத்தை முன்னிருந்து பின்வரை பற்றவைத்த பிறகுதான் மறுபடி ரோட்டுக்கு. எஞ்சின் மவுண்டிங் பற்றவைத்த இடங்களையும் அப்போதே தேய்த்துப் பாருங்கள், அங்கேயும் விரிசல் இருக்கலாம்.